கோபுரத்துக்கு மேலிருந்து எண் போட்டவள்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். எங்கள் சமையலறைக் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடும், ஆகவே ஐந்து முப்பத்தேழு என்றுதான் சொல்ல வேண்டும். மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டிய கறுப்பு ஃபைல் மேசைமேல் இருந்தது. நான் அதைத் திறந்து, பதினான்கு, பதினைந்து என்று எண்ணிட்ட இரண்டு தாள்களை உருவி, நான்காக மடித்து, அரிசி டின்னுக்குப் பின்னால் செருகினேன். பிறகு சட்னி அரைத்தேன்.

அது நடந்து மூன்று நாள் ஆகிறது. இன்னும் மிக்ஸியைப் போட்டால் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

அன்று பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். வீடியோ கேம்களை வடிவமைக்கக் கற்றுத்தரும் ஒரு கல்லூரி. மதிப்பெண்ணைவிட, பிள்ளைகள் சொந்தமாகச் செய்து கொண்டுவரும் ஃபைலைப் பார்த்துத்தான் அங்கே இடம் கொடுக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் படம் வரைந்து எடுத்துப் போவார்கள். என் மகளுக்குப் படம் சுமாராகத்தான் வரும். அவள் எடுத்துப்போனது தவறுகளின் தொகுப்பு. பழைய கேம் கைடுகளில் அச்சாகியிருந்த தவறுகள், ஒவ்வொரு தவறும் எப்படி நேர்ந்திருக்கும் என்று அவளுடைய விளக்கம். இரண்டு வருட உழைப்பு. அதிலிருந்துதான் நான் இரண்டு தாளை உருவினேன்.

கைடு என்றால் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பரீட்சைக்குப் படிப்பது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை இவள் கையில் பளபளவென்று ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டு, எந்த சப்ஜெக்ட் என்று கேட்டார். பேயைக் கொல்ற சப்ஜெக்ட் என்றாள் இவள். அது பொய்யில்லை. எல்லாம் இணையத்தில் கிடைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பெரிய கேமுக்கும் வெளிநாடுகளில் ஒரு தடித்த வண்ணப் புத்தகம் விற்றார்கள். எந்த அறையில் சாவி, எந்தக் கதவுக்குப் பின்னால் எவன் நிற்கிறான், அவனை எப்படி வீழ்த்துவது, எல்லாம் வரைபடத்தோடு இருக்கும். கேம் கடைக்கு வரும் அதே நாளில் புத்தகமும் வர வேண்டும். ஆகவே கேம் முழுதாகச் செய்து முடிப்பதற்குள்ளேயே புத்தகத்தை எழுதத் தொடங்கிவிடுவார்கள். எழுதியவர் பார்த்தபோது சாவி இடது சிலைக்கு அடியில் இருந்திருக்கும். அச்சாகி வருவதற்குள் கேம் செய்தவர்கள் அதை வலது சிலைக்கு மாற்றியிருப்பார்கள். புத்தகத்தை நம்பி இடது சிலையைத் தள்ளிக்கொண்டே இருந்த பிள்ளைகள் உலகத்தில் எத்தனை பேரோ.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் புத்தகங்களில் சிலவற்றைப் பக்கம் கட்டியவள் நான்.

எங்கள் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தை மூடியபோது நான் டிப்ளமோ முடித்திருந்தேன். அப்பாவுக்கு வேலை போயிற்று. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடியறையில் டிடிபி கற்றுக்கொண்டு, ஊரில் பாதிப் பேரைப் போல நானும் காலை ரயிலில் பெங்களூருக்குப் போகத் தொடங்கினேன். பெண்கள் பெட்டியில் சிலர் கீரை ஆய்வார்கள், சிலர் தூங்குவார்கள். நான் தூங்குகிற கட்சி. அலுவலகத்தில் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குப் பக்கம் கட்டிக்கொடுக்கிற வேலை. சமையல் புத்தகம், பள்ளிப் பாடம், மருந்துக் கம்பெனி அறிக்கை, இடையிடையே கேம் கைடு. எழுத்து ஒரு பக்கம் வரும், படங்கள் ஒரு பக்கம் வரும், நாங்கள் சேர்த்து அடுக்குவோம். எங்களில் ஒருவர்கூட அந்த கேம்களை ஆடியதில்லை. ஆடுவதற்கான பெட்டியே அலுவலகத்தில் கிடையாது. "பக்கம் 00 பார்க்க" என்று வரும் இடங்களில் கடைசியாகச் சரியான எண்ணை நிரப்ப வேண்டும். அவசரத்தில் சில இடங்களில் 00 அப்படியே அச்சாகிப் போய்விடும். இல்லாத பக்கத்தைத் தேடச் சொல்லும் புத்தகம். நாங்கள் சாப்பாட்டு வேளையில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

என்னுடைய தவறு அந்த மாதிரி சிரித்துவிட்டுப் போகக்கூடியதாக இல்லை.

ஒரு கேமில் கடைசிக் கட்டம் ஒரு கோபுரம். பன்னிரண்டு மாடி. வீரன் தரையில் நுழைந்து, மாடி மாடியாக ஏறி, உச்சியில் இருக்கும் அரசனோடு மோத வேண்டும். பன்னிரண்டு மாடிக்கும் பன்னிரண்டு வரைபடங்கள் வந்தன, எதிலும் எண் இல்லை. கூடவே எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய ஒரு பெரிய படம் வந்தது. அதைப் பார்த்து எண் போட வேண்டியது என் வேலை. மேலே இருந்ததற்கு ஒன்று போட்டேன். அதற்குக் கீழே இரண்டு. அப்படியே இறங்கி வந்து அடியில் பன்னிரண்டு.

யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அப்பா வேலை செய்த இடம் எழுபதாவது லெவலைத் தாண்டிக் கீழே. பூமிக்கு அடியில் முதல் லெவல் மேலே இருக்கும், எண் ஏற ஏற ஆழம் ஏறும், சூடு ஏறும். எங்கள் தெருவில் ஒருவரை ஒருவர் எத்தனாவது லெவல் என்று கேட்டால், எவ்வளவு கீழே என்றுதான் அர்த்தம். லைன் வீடுகளுக்கு மாடி கிடையாது. கீழிருந்து எண்ணுகிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வரும்? இதையும் சொல்லிவிட வேண்டும், என் அலுவலகம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. தினமும் படி ஏறித்தான் போனேன். ஆனாலும் கை மேலிருந்துதான் தொடங்கிற்று.

புத்தகம் அச்சாகிக் கடைகளுக்குப் போன பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாசகர்கள் புகார் சொல்கிறார்களாம். முதல் மாடியில் நிற்பவன் புத்தகத்தைத் திறந்தால் உச்சி மாடியின் வரைபடம் இருக்கிறதாம். சூப்பர்வைசர் என்னை அழைத்துக் காட்டினார். திட்டவில்லை. சந்தேகம் இருந்தால் கேட்கக் கூடாதா என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தேகமே வரவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் இப்படித்தான் எண்ணுவோம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அலுவலகமே சிரிக்கும் என்று பட்டது. ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்து பீரோவின் அடித்தட்டில் போட்டேன். கணவரிடம்கூட விவரம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எதையும் மூன்று முறை பார்க்காமல் விட முடியாது. இப்போது வீட்டிலிருந்தே பள்ளிப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை, மகள் பஸ் ஏறிவிட்டாளா என்று மூன்று முறை. மகள் இதை அம்மாவின் ரீசெக்கிங் என்பாள். "அம்மா, டென்ஷன் பேடா", அதாவது வேண்டாம், என்று கன்னடத்தையும் தமிழையும் கலந்து என் தலையைத் தட்டுவாள்.

பள்ளிகள் மூடிக்கிடந்த நோய்க்காலத்தில் அவள் பீரோவைக் குடைந்து அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அப்போது பன்னிரண்டு வயது. கேம் இல்லாமல் வெறும் கைடை ஒரு வருடத்துக்கு மேல் கதை போலப் படித்தாள். எந்தக் குகையில் என்ன, எந்தக் கிழவி என்ன கேட்பாள், எல்லாம் மனப்பாடம். பிறகு அவள் அப்பா யாரிடமோ சொல்லி, பழைய கேம் பெட்டியையும் அந்த டிஸ்க்கையும் வாங்கி வந்தார். பத்து நாள் சிரிப்பும் சத்தமுமாக இருந்தது வீடு. கோபுரத்துக்கு வந்ததும் சத்தம் நின்றது. நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"ம்மா, கேம் தப்பா இருக்குது."

அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. புத்தகம் தப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு வருடம் படித்த புத்தகம். நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரவுக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே கண்டுபிடித்துவிட்டாள், வரைபடங்கள் தலைகீழாக எண்ணிடப்பட்டிருக்கின்றன என்று. அழுவாள் என்று பயந்தேன். அவளோ சந்தோஷமாக ஒரு நோட்டை எடுத்து, அந்தப் புத்தகத்தில் வேறு என்னென்ன தப்பு என்று முதல் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினாள். விஷத்தை முறிக்கும் மருந்து கடையில் கிடைக்கும் என்று புத்தகம் சொல்லும், அந்தக் கடைக்காரன் விற்பது விளக்கு மட்டும். பிறகு கிடைத்த வேறொரு கைடில் ஒரு படம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி அச்சாகியிருந்தது, கதவு எதிர்ப்பக்கம் போயிருந்தது. பெங்களூரின் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி மேலும் பத்து கைடுகள் சேர்த்தாள். அப்பாவோடு போவாள், மூட்டையோடு வருவாள். ஒரு தவறு கிடைத்தால் மற்ற பிள்ளைகள் கேமில் ஜெயித்தால் துள்ளுவதைப் போலத் துள்ளுவாள். தப்பைச் சொல்வதோடு விடமாட்டாள். யார், எந்த நிலையில், எதைப் பார்த்து இப்படிச் செய்திருப்பார்கள் என்று யோசிப்பாள். அந்த இடத்தில் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

நேர்காணல் நாள்வரை அவள் ஃபைலை நான் பார்க்கவில்லை. காட்டவில்லை என்பதல்ல, நான்தான் கேட்கவில்லை. அன்று விடிகாலையில், எல்லாத் தாளும் இருக்கிறதா என்று என் வழக்கப்படி எண்ணப் போனேன். பதினான்காவது தாளில் என் கோபுரம் இருந்தது.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பன்னிரண்டு வரைபடங்களும் தவறான வரிசையில் உள்ளன என்று தொடங்கிற்று. ஒன்று தவறினால் கவனக்குறைவு என்று சொல்லலாம், பன்னிரண்டும் தவறினால் இதைச் செய்தவர் அந்த விளையாட்டைக் கண்ணாலும் பார்த்ததில்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்றது அடுத்த வரி. பதினோரு புத்தகங்களிலும் இவ்வளவு பெரிய தவறு வேறு இல்லை என்று தாளின் அடியில் முடிந்திருந்தது.

அதற்குமேல் படிக்கவில்லை. அடுத்த தாளும் கோபுரத்தைப் பற்றியதுதான் என்று படத்தைப் பார்த்ததும் தெரிந்தது, இரண்டையும் உருவிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் நிறைய. பெரியவர்கள் முன்னால் இவ்வளவு கடுமையாகப் பேசினால் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். மீதியே முப்பது தாள் இருக்கிறது. இரண்டு போனால் யார் கவனிப்பார்கள்? உண்மைக் காரணம் ஒன்றுதான். என் மகள், முன்பின் தெரியாதவர்கள் முன்னால், அவர்களோடு சேர்ந்துகொண்டு என் தவறைப் பார்த்துச் சிரிப்பாள் என்பதைத் தாங்க முடியவில்லை.

ரயிலடியில் அவள் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். தனியாக அவள் பெங்களூருக்குப் போவது அதுவே முதல்முறை. கணவருக்கு முதல்நாள் நைட் ஷிப்ட் முடிந்து மறுபடி மதியம் போக வேண்டியிருந்தது, நான் வருகிறேன் என்றதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஜன்னலில் முகம் தெரிந்தவரை நின்றேன். இப்போது ஓடிப்போய்க் கொடுத்துவிடலாம் என்று தோன்றியபோது தாள்கள் வீட்டில் இருந்தன.

பதினொன்றே காலுக்கு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்ற நேரத்தில், அந்தத் தாள்களை எடுத்தேன். கிழித்துப் போடத்தான் எடுத்தேன் என்று நினைக்கிறேன். பதினைந்தாவது தாளைப் பிரித்தேன்.

தாளின் இடதுபுறம் பூமிக்குள் இறங்கும் ஒரு சுரங்கக் குழி வரைந்திருந்தாள், பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒன்று முதல் பன்னிரண்டு வரை லெவல்கள். வலதுபுறம் அந்தக் கோபுரம், அதே எண்களோடு. கோணல்மாணலான படம்தான். கீழே எழுதியிருந்ததை நான் இத்தனை முறை படித்துவிட்டேன், தமிழில் அப்படியே சொல்ல வருகிறது. "முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தப் புத்தகத்தில் இவர் செய்த மற்ற வரைபடங்கள் எல்லாம் சரி. ஒரு கதவுகூட இடம் மாறவில்லை. இவர் மிகவும் கவனமானவர். நான் வளர்ந்த ஊரில் பெரியவர்கள் மேலிருந்துதான் எண்ணுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய வேலை பூமிக்குக் கீழே இருந்தது. இவரும் அப்படிப்பட்ட ஓர் ஊரிலிருந்து வந்தவராக இருக்கலாம். வாசல் எந்தப் பக்கம் என்று யாராவது ஒருவர் இவரிடம் சொல்லியிருந்தால் போதும். ஒரு கேமைச் செய்பவர், ஆடுபவர்கள் எங்கிருந்து எண்ணத் தொடங்குவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இது."

அரிசி டின்மேல் கையூன்றி நின்றேன். கவனமானவர் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பயந்தவள், படபடப்பானவள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஃபைலிலேயே நல்ல தாள் அதுதான் என்று பிழை திருத்துபவளான எனக்குத் தெரிந்தது. மற்றவை எல்லாம் தப்பைக் கண்டுபிடித்த தாள்கள். இந்த ஒரு தாளில்தான் அவள் தெரிந்தாள். அதை நான் படிக்காமலேயே உருவியிருக்கிறேன்.

இரண்டையும் தடவி நேராக்கி, போட்டோ எடுத்து அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து அப்படியே நின்றது. நேர்காணலுக்கு முன்னால் போனை அணைத்துவிடுவேன் என்று சொல்லித்தான் போயிருந்தாள். கல்லூரிக் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். எடுத்தவர் கன்னடத்தில் பொறுமையாகக் கேட்டார். ஃபைலில் இரண்டு பக்கம் குறைகிறது, அது பிள்ளையின் தப்பில்லை என்று சொல்லவேண்டும் என்றேன். உள்ளே போய்ச் சொல்ல அனுமதி இல்லை, பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள், நீங்கள் சாப்பிடுங்கள் என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டதுபோலவும் இருந்தது, போனை வையுங்கள் என்றதுபோலவும் இருந்தது.

மதியம் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கோபுரத்தையும் சேர்த்து. இருபது வருடம் பூட்டி வைத்ததைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, நம்ம ஊர்க்காரன் யார் போட்டாலும் அப்படித்தான் போட்டிருப்பான், ஃபேக்டரியில் மாடி எண்ணுவதில் தனக்கும் முதல் மாசம் அதே குழப்பம் என்றார். தாள் விஷயத்துக்கு மட்டும் முகம் மாறியது. "அது அவ உழைப்பு. வந்ததும் நீயே சொல்லிடு. நான் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் எத்தனை முறை வாசலுக்கு வந்தேனோ, பக்கத்து வீட்டு அக்கா எண்ணியிருக்கிறார்.

"இன்னா, இதோட ஒம்போது தபா ஆச்சு. பொண்ணு பெங்களூருக்குத்தான போயிருக்குது, நிலாவுக்கு இல்லியே."

பரீட்சை மாதிரி ஒன்று என்று சொல்லி வைத்தேன். அப்ப கைடு படிச்சிருக்குமே, அத்தொட்டு பயம் இன்னாத்துக்கு என்றார் அவர். அவர் சொன்னதில் கேலி எதுவும் இல்லை.

மாலை ரயிலில் அவள் வரவேண்டும். அரைமணி முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். வண்டி வந்தது. வேலை முடிந்த கூட்டம் டிபன் டப்பாக்களோடு இறங்கி, வழக்கம்போல ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு கலைந்தது. பெண்கள் பெட்டியில் கடைசியாக இறங்கியவர் கைத்தடி ஊன்றிய ஓர் அம்மா. பெட்டிகளை முன்னிருந்து பின்னாக ஒருமுறையும் பின்னிருந்து முன்னாக ஒருமுறையும் பார்த்தேன். போனைத் தேடிக் கைப்பையைத் துழாவினால், சார்ஜில் போட்டு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்த தூரத்தில் நான் நினைத்ததையெல்லாம் எழுத விருப்பமில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். தாள் இல்லாததைப் பார்த்து உள்ளே தடுமாறியிருப்பாள், வெளியே வந்து எங்கேயோ தனியாக உட்கார்ந்திருப்பாள், அங்கிருந்து என்று தொடங்கி மனம் எங்கெங்கோ போயிற்று.

வீட்டில் போனில் தெரியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள். திரும்பப் பேசினேன். ஒரு வயதான ஆள் குரல். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் போனில் சார்ஜ் இல்லை என்று தன் போனை வாங்கி அழைத்துப் பார்த்ததாகவும், எடுக்கவில்லை என்றதும் கே.ஜி.எஃப். பஸ்ஸில் ஏறிவிட்டதாகவும் சொன்னார். அழுதுகொண்டிருந்தாளா என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இல்லை, வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தாள் என்றார்.

பத்திரமாக வருகிறாள் என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் மீதி இருப்பது ஒன்றுதான். தாள்களை மேசையின் நடுவில் வைத்தேன், பறக்காமல் இருக்க மேலே எதுவும் வைக்காமல் விசிறியை நிறுத்தினேன். அவள் உள்ளே நுழைந்ததும் பார்க்க வேண்டும், நான் ஒளிக்க இடமே இருக்கக் கூடாது. என்ன சொல்வது என்று வரிசைப்படுத்தினேன். முதலில் மன்னிப்பா, முதலில் கோபுரமா? மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தேன்.

ஒன்பதேகாலுக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா ஏதோ கேட்க, இவள் ஏதோ சொல்ல, இருவரும் சிரிப்பது கேட்டது. உள்ளே வந்து மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்து நீட்டினேன். அவள் சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததைத் தானே சொன்னாள்.

மூன்று பேர் இருந்தார்களாம். பொருளடக்கத்தைப் பார்த்துக்கொண்டே வந்த ஓர் அம்மையார் பதினான்காம் பக்கம் எங்கே என்று கேட்டிருக்கிறார். பக்கம் இல்லை. முன்னும் பின்னும் ஒருமுறை புரட்டிப் பார்த்தாளாம். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, சுரங்கத்தையும் கோபுரத்தையும் அங்கேயே வரைந்து, எழுதியதை வாயாலேயே சொல்லியிருக்கிறாள். எழுதியதில் இல்லாததும் வந்ததாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கூப்பிட்டு அதையே இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லச் சொன்னார்களாம். ரயிலை விட்டது அதனால்தான்.

"நான்தான் எடுத்தேன்" என்றேன். "அந்த எண்ணும் நான்தான் போட்டேன்."

"தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீ பஸ் டிக்கெட்ல கூட தப்பு கண்டுபிடிப்ப. ஊர்ல இருக்குற எல்லாப் புத்தகத்தையும் கையில எடுத்தா பேனா தேடுவ. அந்த ஒண்ணை மட்டும் இத்தினி வருஷத்துல ஒரு தபா தொறந்து பாக்கல. அப்பவே தெரியும்."

அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன். எண் போட்டவரைத் தெரியுமா என்று கேட்டார்களாம். தெரியும் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டாளாம். கோபம் இருந்தது, அவள் குரலில் அது தெரிந்தது, அவள் மறைக்கவும் இல்லை. காலையில் ஏன் கேட்கவில்லை, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அடுத்த தாளைப் படி என்று சொல்லியிருப்பேனே என்றாள். நான் தலையாட்டினேன். பிறகு அவள் எழுந்து, அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் தூக்கிப் பார்த்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"சனிக்கெழம ரெண்டாவது ரவுண்டு. வீட்லேர்ந்து ஒருத்தர் கூட வரணுமாம். அப்பா வேணாம், நீ வா. அந்த ரெண்டு பேப்பரையும் நீயே எடுத்துக்கினு வா."